ஓசூர் பக்கம் வெளிநாட்டுப் பூத்தோட்டம் பார்க்கப் போகிறவர்கள் கேட்பவை

சென்னையிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஓசூருக்கு வரும் உறவினர்களுக்கு ஒரே ஆசைதான்: ரோஜா, ஜெர்பெரா, கார்னேஷன் வளரும் பாலித்தீன் கூரை போட்ட அந்த வெள்ளைக் குடில்களுக்குள் ஒருமுறை நுழைந்து பார்க்க வேண்டும். அழைத்துப் போகும் வழியில் கேட்கும் கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றேதான். போன் செய்து கேட்பவர்களுக்கும் அதையே சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால், அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே எழுதி வைக்கிறேன்.

மலர்த் தோட்டம் எங்கே இருக்கிறது? டிக்கெட் எவ்வளவு?

டிக்கெட்டும் கிடையாது, கவுன்ட்டரும் கிடையாது. தளி, கெலமங்கலம், பாகலூர், பேரிகை சாலைகளில் போனால் இருபுறமும் வெள்ளைக் கூரைகள் தெரியும். அவற்றில் பெரும்பாலானவை தனிப்பட்ட விவசாயிகளின் குடில்கள். அமுதகொண்டப்பள்ளியில் தமிழ்நாடு அரசு நிறுவனமான டிட்கோவின் கூட்டு முயற்சியாகத் தொடங்கிய டான்ஃப்ளோரா போன்ற பெரிய வளாகமும் உண்டு. பெரிதோ சிறிதோ, எல்லாமே வேலை நடக்கும் இடங்கள். சுற்றிப் பார்க்க வருபவர்களுக்காக யாரும் பூ வளர்க்கவில்லை.

எனவே முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கிவிட்டுப் போங்கள். யாரையும் தெரியாது என்றால், ஓசூரில் உள்ள தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். எந்த விவசாயி முகம் சுளிக்காமல் சுற்றிக் காட்டுவார் என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். நான்கைந்து பேர் போவது நல்லது. ஒரு வேன் நிறைய ஆட்கள் இறங்கினால் யாராக இருந்தாலும் தயங்குவார்கள்.

தமிழ்நாட்டில் இத்தனை ஊர் இருக்க ஓசூரில் மட்டும் ஏன்?

ஓசூரில் மட்டும் இல்லை. கோத்தகிரி, குன்னூர் பக்கம் கார்னேஷனும், லில்லி வகையான லில்லியமும் இருக்கின்றன. ஏற்காட்டில் அந்தூரியம் உண்டு. ஆனால் ரோஜாவுக்கும் ஜெர்பெராவுக்கும் ஓசூர்தான். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் பகல் வெயில் கொளுத்துவதில்லை, இரவும் இதமாகக் குளிர்கிறது. அந்த இரவுக் குளிர்தான் ரோஜா மொட்டைப் பெரிதாக்கும். சமவெளியில் அதே ரகத்தை நட்டால் பூ வரும், மொட்டு மட்டும் சின்னதாகிவிடும்.

இன்னொரு காரணம் பெங்களூரு. சுமார் 40 கிலோமீட்டரில் பெரிய சந்தை, அதைத் தாண்டினால் விமான நிலையம். காலையில் அறுத்த பூ அன்றிரவே லாரி ஏறிவிடும். பூ வியாபாரத்தில் பாதி லாபம் இந்தத் தூரத்தில்தான் இருக்கிறது.

எந்த மாதம் போனால் நிறையப் பூ பார்க்கலாம்?

குடிலுக்குள் வளர்வதால் ஆண்டு முழுவதும் பூ உண்டு. எந்த மாதம் போகக்கூடாது என்றுதான் கேட்க வேண்டும். ஜனவரி கடைசி வாரத்திலிருந்து பிப்ரவரி 14 வரை ரோஜாத் தோட்டத்துப் பக்கமே போகாதீர்கள். காதலர் தினத்துக்காக டிசம்பர் பிற்பாதியில் கவாத்து செய்து, அதாவது கிளைகளை வெட்டிவிட்டு, ஆறேழு வாரமாக எண்ணி எண்ணிக் காத்திருந்த பூக்கள் அப்போதுதான் வெளியேறும். அந்த நாட்களில் தோட்டக்காரருக்குத் தூக்கம் இருக்காது. உங்களுக்கு இனிமையாகப் பதில் சொல்லவும் ஆள் இருக்காது.

என் சிபாரிசு ஆடி மாதம். கல்யாணம் இல்லாததால் மேடை அலங்காரத்துக்குப் பூ கேட்டு யாரும் வரமாட்டார்கள். விலை இறங்கிக் கிடக்கும். தோட்டக்காரர் உட்கார்ந்து நிதானமாகப் பேசுவார். எந்த மாதமானாலும் காலை ஆறரைக்குள் போய்ச் சேருங்கள். அறுவடை வெயிலுக்கு முன்னே முடிந்துவிடும். பத்து மணிக்கு மேல் பாலித்தீன் கூரைக்குக் கீழே நின்றால் சட்டை நனைந்துவிடும்.

அவ்வளவு தூரம் போனோம், ரோஜா ஒன்றுகூட விரிந்திருக்கவில்லை. முந்தின நாளே அறுத்துவிட்டார்களா?

ஏமாற்றத்தோடு கேட்கப்படும் கேள்வி இது. நன்றாக நடக்கும் ரோஜாத் தோட்டத்தில் விரிந்த ரோஜாவைப் பார்க்கவே முடியாது. வெளிப்புற இதழ் ஒன்றிரண்டு லேசாக விலகத் தொடங்கும்போதே அறுத்துவிடுவார்கள். அந்த மொட்டு குளிர் அறையில் கிடந்து, பெட்டியில் பயணம் செய்து, கடையில் நின்று, யாரோ ஒருவர் வீட்டுப் பூச்சாடியில்தான் விரிய வேண்டும். தோட்டத்திலேயே விரிந்துவிட்ட பூ தோட்டக்காரருக்கு நஷ்டம். வரிசை வரிசையாக விரிந்த ரோஜா தெரிந்தால், அந்தத் தோட்டத்தில் ஆள் இல்லை அல்லது சந்தையில் விலை இல்லை என்று அர்த்தம்.

ஒவ்வொரு பூவுக்கும் அறுக்கும் பக்குவம் வேறு. கார்னேஷனில் இதழ்கள் தூரிகை நுனி மாதிரி வெளியே நீட்டியதும் அறுப்பார்கள். லில்லியத்தில் அடி மொட்டு நிறம் காட்டினால் போதும். ஜெர்பெரா இதற்கு நேர்மாறு. அறுத்த பிறகு அது மேலும் விரியாது என்பதால், முழுதாக விரிந்து, நடுவட்டத்தின் வெளிவரிசைச் சின்னப் பூக்கள் இரண்டு வரிசையாவது திறந்த பிறகே எடுப்பார்கள். ஆகவே கண் நிறைய வண்ணம் பார்க்க வேண்டும் என்பவர்கள் ஜெர்பெராக் குடில் எது என்று கேட்டுப் போங்கள். மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, வெள்ளை என்று பாத்தி பாத்தியாக நிற்கும். ரோஜாக் குடில் வேலையைப் பார்ப்பதற்கு உகந்தது.

ஜெர்பெராவைக் கத்தியால் அறுக்கமாட்டார்கள் என்பதையும் கவனியுங்கள். காம்பின் அடியைப் பிடித்துப் பக்கவாட்டில் சாய்த்து ஒரு இழுப்பு, அவ்வளவுதான். வெட்டினால் மிச்சக் காம்பு அழுகி, அழுகல் செடிக்குள் இறங்கும். இதில் பழகிய கைகளைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

ரோஜாச் செடிகளில் பாதிக் கிளைகள் சாய்ந்து கிடக்கின்றன. காற்றில் விழுந்துவிட்டதா?

வேண்டுமென்றே வளைத்துவிட்டவை அவை. மெலிந்த கிளைகளைப் பாத்தியின் இருபுறமும் நடைபாதைப் பக்கம் வளைத்துவிடுவார்கள். அவற்றின் இலைகள் வெயிலை வாங்கி உணவு தயாரித்துக்கொண்டே இருக்கும். அந்த உணவில் அடியிலிருந்து தடித்த புதுக் குச்சி நேராக மேலே கிளம்பும். நீண்ட காம்பில் ஒற்றை மொட்டு வருவதற்கு இதுதான் அடிப்படை. பக்க மொட்டுகளை அவ்வப்போது கிள்ளி எறிவதும் அதற்காகவே.

மொட்டுக்கு மொட்டு மாட்டியிருக்கும் சின்ன வலைத்தொப்பியையும் எல்லோரும் கேட்கிறார்கள். மொட்டு சீக்கிரம் விரிந்துவிடாமல் பிடித்து வைத்து, அது நீண்டு பெரிதாக வளர விடுவதற்கு அந்த வலை.

செடி மண்ணில் இல்லாமல் ஏதோ பழுப்புத் தூளில் நிற்கிறதே?

அது தென்னை நார்க்கழிவு. மண்ணில் மேட்டுப்பாத்தி போட்டு வளர்க்கும் தோட்டங்களும் உண்டு. ஆனால் ஒரே மண்ணில் ஆண்டுக்கணக்கில் ஒரே பயிர் நின்றால் வாடல் நோய்க் கிருமி குடியேறிவிடும். கார்னேஷனுக்கு அதுவே எமன். நார்க்கழிவில் அந்தத் தொல்லை குறைவு, காற்றோட்டமும் அதிகம். ஆனால் நார்க்கழிவில் சத்து என்று பெரிதாக எதுவும் கிடையாது. உரம் முழுவதையும் தண்ணீரில் கரைத்துச் சொட்டுக் குழாய் வழியே கொடுக்க வேண்டும். ஓரத்தில் வரிசையாக நிற்கும் தொட்டிகளும் மோட்டாரும் அதற்குத்தான். ஒருவேளை கரைசல் கணக்குத் தப்பினால் மறுவாரமே இலை சொல்லிவிடும்.

வெளிநாட்டுப் பூ என்கிறார்களே, எந்த நாட்டுப் பூ?

ஜெர்பெராவுக்கும் சொர்க்கப் பறவைப் பூவுக்கும் தென் ஆப்பிரிக்கா. அந்தூரியம் கொலம்பியா, எக்வடார் காடுகளிலிருந்து வந்தது. கார்னேஷன் மத்தியதரைக் கடல் பக்கத்தது. ரோஜாவின் கதை கலப்படம்: சீன ரோஜாவும் ஐரோப்பிய ரோஜாவும் சேர்ந்து பிறந்த வம்சம் அது. இன்று குடில்களில் நிற்கும் ரகங்களில் பெரும்பாலானவை நெதர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ் நாடுகளின் நிறுவனங்கள் உருவாக்கியவை. சிவப்புக்கு தாஜ்மகால், வெள்ளைக்கு அவலாஞ்ச், மஞ்சளுக்கு கோல்ட் ஸ்டிரைக் என்று ஓசூரில் அடிக்கடி காதில் விழும்.

இதற்காக நம்மூர்ப் பூ, அந்நியப் பூ என்று சண்டை போடுகிறவர்களுக்கு ஒரு செய்தி. சாமி படத்துக்குப் போடும் துலுக்கச் சாமந்தியும் கல்யாண மாலையில் வரும் சம்பங்கியும் மெக்சிகோவிலிருந்து வந்தவைதான். சீக்கிரம் வந்துவிட்டதால் நம்மவை ஆகிவிட்டன.

இவ்வளவு ரோஜா இருந்தும் வாசனையே இல்லையே. ரசாயனம் போட்டு வளர்ப்பதாலா?

இல்லை. ரகத்தின் குணம். காம்போடு அறுத்து விற்கும் கொய்மலர் ரோஜாவை உருவாக்கியவர்கள் தேடியது நீளமான காம்பு, தடித்த இதழ், பத்து நாள் வாடாத உழைப்பு ஆகியவற்றைத்தான். இந்த ஓட்டத்தில் வாசனை பின்தங்கிவிட்டது. போதாக்குறைக்கு நீங்கள் முகர்ந்து பார்ப்பது மூடிய மொட்டு. ஜெர்பெராவுக்கும் சாதாரண அந்தூரியத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படி மணம் கிடையாது. வாசனைக்காகவே போகிறீர்கள் என்றால் ஓரியன்டல் லில்லியம் இருக்கும் குடிலுக்குள் நுழையுங்கள். தலைவலி வருமளவு மணக்கும்.

பூவைத் தொடலாமா? நடுவில் நின்று படம் எடுக்கலாமா?

படம் எடுக்கலாம், கேட்டுவிட்டு. தொடவேண்டாம். விரல் அழுத்தம் பட்ட வெள்ளை ரோஜா இதழில் மறுநாள் பழுப்புத் தழும்பு தெரியும், அந்தப் பூ தரம் குறைந்துவிடும். பாத்திகளுக்கு நடுவில் ஒருவர் நடக்கும் அளவுக்குத்தான் இடம் இருக்கும். பையை முதுகில் மாட்டிக்கொண்டு திரும்பினால் நான்கு மொட்டுகள் போய்விடும்.

ஆடை நிறம் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் நான் சொல்லிவிடுகிறேன்: மஞ்சளும் நீலமும் வேண்டாம். குடிலுக்குள் தொங்கும் பசை அட்டைகள் மஞ்சளாகவும் நீலமாகவும் இருப்பதைப் பாருங்கள். வெள்ளை ஈயையும் அசுவினியையும் மஞ்சள் இழுக்கும், இலைப்பேனை நீலம் இழுக்கும். மஞ்சள் சுடிதாரோடு வெளியிலிருந்து வருகிறவர் தம்மை அறியாமலே பூச்சிகளை உள்ளே கூட்டி வருகிறார். வாசலில் கிருமிநாசினித் தண்ணீர் வைத்திருந்தால் செருப்புக் காலோடு அதில் மிதித்துவிட்டுப் போங்கள். இரட்டைக் கதவு இருந்தால், ஒன்றைச் சாத்திய பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு தோட்டம் பார்ப்பதாக இருந்தால் இரண்டாவது தோட்டக்காரரிடம் அதை மறைக்காதீர்கள்.

மருந்து நிறைய அடிப்பார்களாமே. குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

அடிப்பார்கள், அதை மறைக்க ஒன்றுமில்லை. சாம்பல் நோய், சிவப்புச் சிலந்தி, இலைப்பேன் என்று ரோஜாவுக்கு எதிரிகள் அதிகம். சாப்பிடும் பொருள் இல்லை என்பதால் பழம், காய்கறியில் காட்டும் கட்டுப்பாடு பூவில் இருக்காது. ஆகவே போன் செய்யும்போதே “கடைசியாக எப்போது மருந்து அடித்தீர்கள்?” என்று கேளுங்கள். ஒரு நாளாவது ஆகியிருக்க வேண்டும், இலை ஈரமாக இருக்கக்கூடாது. சில மருந்துகளுக்கு அதைவிட நீண்ட இடைவெளி உண்டு, தோட்டக்காரர் சொல்வதைக் கேளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் குடிலுக்குள் போகாமல் தரம் பிரிக்கும் கூடத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பள்ளிக் குழந்தைகளுக்கு அருமையான இடம், ஆனால் எதையும் வாயில் வைக்கக்கூடாது. குல்கந்து செய்வது பன்னீர் ரோஜாவில். இந்த ரோஜாவின் இதழைத் தின்றுபார்க்கும் வீரம் வேண்டாம். அந்தூரியச் சாறு வாயில் பட்டால் எரியும். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

வேலை செய்கிறவர்களிடம் பேசலாமா? ஏதாவது கொடுக்க வேண்டுமா?

கட்டாயம் பேசுங்கள். பெரும்பாலும் பெண்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து ஓடும் பகுதி என்பதால் எந்த மொழியிலும் சமாளிப்பார்கள். முதலாளி சந்தை நிலவரம் சொல்வார். எந்தச் செடி முரண்டு பிடிக்கிறது என்பதை இவர்களிடம்தான் கேட்க வேண்டும். தரம் பிரிக்கும் மேசையில் அளவுகோல் பக்கம் பார்க்காமலே 50 சென்டிமீட்டர், 60 சென்டிமீட்டர் என்று காம்புகளைப் பிரித்து, இருபது இருபதாக அடுக்கி, அட்டையில் சுற்றுவதைப் பாருங்கள். படம் எடுக்குமுன் அவர்களிடமும் அனுமதி கேளுங்கள், முதலாளி சொன்னது போதாது. பணம் நீட்டுவதைவிட, டீ நேரத்துக்கு ஏதாவது வாங்கிப் போனால் எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம்.

பூ விலைக்குக் கொடுப்பார்களா? கல்யாண மேடைக்கு நேரே வாங்கினால் மலிவாக முடியுமா?

வீட்டுக்கு என்றால் கொடுப்பார்கள். முதல் தரம் கேட்காதீர்கள். காம்பு கொஞ்சம் வளைந்ததும் குட்டையானதும் ஒதுக்கி வைத்திருப்பார்கள், அதைக் கேளுங்கள். பூவில் குறை இருக்காது, விலை நிறையக் குறையும். மேடைக்கு என்றால் கணக்கு வேறு. முகூர்த்த நாளில் விலை தினம் மாறும். முன்கூட்டியே விலை பேசி முன்பணம் கொடுத்தால்தான் லாபம். அதோடு ஏற்றி வருவதும் தண்ணீரில் வைப்பதும் உங்கள் தலையில். சின்னக் கல்யாணத்துக்கு இந்த அலைச்சல் தேவையில்லை என்பது என் கருத்து.

சென்னை வரை வாடாமல் கொண்டு போவது எப்படி?

பூவை வாளித் தண்ணீரில் நிற்க வைத்து ஏ.சி. காரில் கொண்டு போங்கள். டிக்கியில் படுக்கப்போட வேண்டாம். அதே காரில் மாம்பழமோ வாழைப்பழமோ வைக்காதீர்கள். பழுக்கும் பழம் எத்திலீன் வாயுவை விடும், கார்னேஷன் அதற்கு மிகவும் பலவீனமானது. இதழ் சுருண்டு தூங்கிவிடும். வீட்டுக்கு வந்ததும் காம்பின் அடியில் இரண்டு சென்டிமீட்டர் சாய்வாக வெட்டி, தண்ணீரில் மூழ்கும் இலைகளை உருவிவிட்டு வையுங்கள். ரோஜாவுக்கு ஆழமான தண்ணீர், ஜெர்பெராவுக்கு மூன்று விரல் அளவு போதும். ஜெர்பெராக் காம்பு சீக்கிரம் அழுகும்.

இன்னொன்று. ரோஜாவைத் தோட்டத்தில் இரண்டு முதல் நான்கு டிகிரிக் குளிரில் வைப்பதைப் பார்த்துவிட்டு, அந்தூரியத்தையும் ஆர்க்கிட்டையும் ஃபிரிட்ஜில் வைப்பவர்கள் உண்டு. வெப்பக் காட்டுப் பூக்கள் அவை, கறுத்துப் போகும். வீட்டில் பூனை இருந்தால் லில்லியம் வாங்கவே வாங்காதீர்கள். அதன் மகரந்தம் சிறிது உள்ளே போனாலும் பூனையின் சிறுநீரகம் செயலிழக்கும்.

ஒரு குச்சி ஒடித்துக் கொடுத்தால் வீட்டில் நட்டு வளர்ப்பேன். கொடுப்பார்களா?

கேட்காதீர்கள். பல ரகங்களுக்கு உருவாக்கியவரிடம் உரிமைத்தொகை கட்டிச் செடி வாங்கியிருப்பார்கள். குச்சி கொடுக்க அவர்களுக்கு உரிமையில்லை. கொடுத்தாலும் பயன் குறைவு. அங்கே நிற்பது வேறொரு வேர்ச்செடியின் மேல் ஒட்டுக்கட்டி வளர்த்த ரோஜா. குச்சி வேர் பிடித்தாலும், மேலே சொன்ன இரவுக் குளிரும் சொட்டு உரமும் மொட்டை மாடியில் கிடைக்காது. ஜெர்பெரா ஆய்வகத்தில் திசு வளர்ப்பில் வந்த நாற்று. குருத்தை மண் மூடினாலே செத்துவிடும் அளவுக்கு நுணுக்கமான செடி.

சென்னை வெக்கைக்கு ஏற்ற வெளிநாட்டுப் பூ வேண்டும் என்றால் ஹெலிக்கோனியாக் கிழங்கு வாங்கி நடுங்கள், பராமரிப்பு அதிகம் கேட்காது. நிழல்வலைக்குக் கீழே தேங்காய் மட்டைத் துண்டில் டென்ட்ரோபியம் ஆர்க்கிட் வரும், அந்தூரியமும் வரும்.

ஊரில் ஒரு ஏக்கர் சும்மா கிடக்கிறது. மானியம் வாங்கி நானும் குடில் போடலாமா?

சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் பாதிப் பேர் இதைக் கேட்கிறார்கள். மானியம் உண்மைதான். தோட்டக்கலை இயக்கம் என்ற அரசுத் திட்டத்தில், அரசு நிர்ணயித்த செலவு வரம்பில் பாதிவரை கிடைக்கும், பரப்புக்கும் உச்சவரம்பு உண்டு. தற்போதைய விதிகளைத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். ஆனால் மானியம் தொடக்கச் செலவுக்குத்தான். அந்தப் பாலித்தீன் மூன்று நான்கு ஆண்டில் மங்கிக் கிழியும்போது மாற்றுவது உங்கள் பணத்தில். செடிக்கு, உரத்துக்கு, ஆள் கூலிக்கு, வங்கித் தவணைக்கு மாதம் தவறாமல் பணம் வேண்டும். பூவின் விலையோ பஞ்சாங்கம் பார்த்து ஏறி இறங்கும். 2020 ஊரடங்கில் கல்யாணமும் விமானமும் நின்றபோது, ஓசூர் விவசாயிகள் பூவை அறுத்துக் குப்பையில் கொட்டினார்கள். அறுக்காமலும் விட முடியாது, விட்டால் செடி கெடும். இப்போது மேடை அலங்காரத்தில் நெகிழிப் பூ புகுந்திருப்பது அடுத்த தலைவலி.

நிலம் எங்கே இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. ராமநாதபுரத்தில் ரோஜாக் குடில் போடாதீர்கள். ஓசூரைப் போன்ற மேட்டு நிலம், பக்கத்தில் சந்தை, தினமும் நேரில் நிற்க ஒருவர், இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். தொலைபேசியில் நடத்தும் பூத்தோட்டம் எதுவும் ஓடி நான் பார்த்ததில்லை.

ஆர்க்கிட் பார்க்கத்தான் ஆசை. ஓசூரில் இருக்கிறதா?

அபூர்வம். ஓசூர்க் காற்று அதற்கு வறட்சியானது. கேரளத்தில் வீட்டுத் தோட்ட அளவிலிருந்து வியாபாரத் தோட்டம் வரை பார்க்கலாம். நம் கல்யாண மேடைகளில் தொங்கும் ஊதா ஆர்க்கிட்டில் பெரும்பகுதி தாய்லாந்திலிருந்து விமானத்தில் வருவது. நம் மலைகளின் சொந்த ஆர்க்கிட்டுகளைக் காண, ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. அது வியாபாரத் தோட்டம் இல்லை. பூ சின்னதாக இருக்கும், பொறுமை வேண்டும்.

பாங்காக் போகிறேன். அங்கே ஆர்க்கிட் தோட்டத்தில் செடி விற்கிறார்களாம். இரண்டு வாங்கிப் பெட்டியில் போட்டு வரலாமா?

கூடாது. செடி எதுவானாலும் இந்தியாவுக்குள் கொண்டுவர 2003ஆம் ஆண்டின் தாவரத் தடுப்புக்காப்பு (குவாரன்டைன்) ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அந்த நாட்டு அரசின் நோயின்மைச் சான்றும் வேண்டும். ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் அழிவாபத்து உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறது. கண்ணாடிக் குடுவையில் விற்கும் திசு வளர்ப்புக் கன்றுகளுக்கு அந்த ஒப்பந்தத்தில் பொதுவாகச் சலுகை உண்டு, ஆனால் நம் தடுப்புக்காப்பு விதி அதற்கும் பொருந்தும். கடைக்காரர் “ஒன்றும் ஆகாது, எல்லோரும் கொண்டு போகிறார்கள்” என்பார். விமான நிலையத்தில் பிடித்தால் பறிமுதல் செய்து அழித்துவிடுவார்கள், அவர் வந்து பேசமாட்டார். பிடித்த ரகத்தின் பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள். திருச்சூர் மண்ணுத்தி நர்சரிகளில் டென்ட்ரோபியம் வகைகள் ஏராளம், அங்கே கேட்டுப் பாருங்கள்.